பெடலை அமுக்க ஓர் ஆள்

புளியறை இறக்கம்

சவாரி ஏறியவர்கள் பாதி வழியில் இறங்கிப் போனது என் தொழிலில் ஒரே ஒரு தடவைதான் நடந்திருக்கிறது. ஆனி மாதம், சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஒரு வியாழக்கிழமை. விருதுநகரிலிருந்து குற்றாலத்துக்கு வந்திருந்த ஒரு குடும்பத்தைத் தென்மலை அணைக்குக் கூட்டிப்போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். மலை இறங்கி, புளியறைக்கு மேலே இருக்கும் எஸ் வளைவில் பிரேக்கை மிதித்ததும் ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வதுபோல் உதறியது. பெடல் காலுக்கடியில் துடித்தது. முன்னால் மரம் ஏற்றிய லாரி, பின்னால் ஒரு கேரளா பஸ். கியரைக் குறைத்து, இன்ஜின் பிடிமானத்திலேயே ஊர்ந்து கீழே இறக்கினேன்.

பின் சீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்த பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டன. முன் சீட்டில் இருந்தவர் கதவுக்கு மேலிருக்கும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார்.

“என்னம்மா இப்படி ஆடுது?”

“பிரேக் டிஸ்க் தேஞ்சிருக்கும் சார். பயப்படாதீங்க, மெதுவா போயிருவோம்.”

“மெதுவாவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நிறுத்துங்க” என்றார் பின்னாலிருந்து அவர் மனைவி.

செக் போஸ்ட் தாண்டி, சாப்பாட்டுக் கடை வரிசையில் ஓரம் கட்டினேன். அந்த நேரம் பார்த்து எங்கள் டாக்ஸி ஸ்டாண்டு டிரைவர் வேலுச்சாமி, ஆரியங்காவில் ஆளை இறக்கிவிட்டுக் காலி வண்டியாக வந்தான். நான் கை காட்டினேன். விஷயத்தைச் சொன்னதும் அவர்களைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டான்.

“யக்கா, ரெண்டு பக்கமும் டிஸ்க் போயிட்டு. இன்னைக்கே மெக்கானிக் முருகையாட்ட காட்டிருங்க. இதை வச்சுக்கிட்டு மலை ஏறாதீங்க” என்றான்.

அந்தக் குடும்பம் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். பிள்ளைகளை வைத்துக்கொண்டு யாராக இருந்தாலும் இறங்கத்தான் செய்வார்கள். அந்தம்மா இறங்கும்போது சீட்டில் ஏதும் விட்டுவிட்டோமா என்று தடவித் தடவிப் பார்த்தார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. வேலுச்சாமி வண்டி மறைந்த பிறகு நான் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு செங்கோட்டை வழியாக, பிரேக்கைத் தொடாமல் தொடாமல், வீடு வந்து சேர்ந்தேன்.

புதிதாக மஞ்சள் போர்டு வண்டி ஓட்ட வந்திருக்கும் பெண்பிள்ளைகள் சிலர் என்னிடம் “பிரேக் வேலையெல்லாம் நீங்களே பாப்பீங்களாமே” என்று கேட்கிறார்கள். நான் மெக்கானிக் இல்லை. ஒரு தடவை பார்க்க வேண்டி வந்தது. அந்த ஒரு தடவையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஸ்டாண்டில் நான்

என் பெயர் பேச்சியம்மாள். கடையநல்லூர்ப் பக்கம் நெல் விவசாயம் செய்த குடும்பம். கட்டிக்கொடுத்தது ஒரு டிரைவருக்கு. பிள்ளை இல்லை. அவருக்கு ஆலங்குளத்தில் இன்னொரு குடும்பம் அமைந்தபோது நான் சண்டை போடவில்லை. லைசென்ஸ் எடுத்தேன். முதலில் ஒரு பள்ளிக்கூட வேன், பிறகு கடன் வாங்கி இந்தக் கார். வாங்கும்போதே இரண்டு கை மாறிய வண்டி. மேலகரத்தில் ஒரு சின்ன வாடகை வீடு, முன்னால் தகரக் கொட்டகை. வண்டியும் நானும் அங்கேதான்.

ஸ்டாண்டில் என்னை யாரும் ஒரு தப்பான வார்த்தை சொன்னதில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். முறை வந்தால் முறை கொடுப்பார்கள். பஞ்சர் என்றால் வீல் கழற்ற ஓடி வருவார்கள். ஆனால் நான் பக்கத்தில் போனதும் பேச்சு நின்றுவிடும். ஆம்பிளைகள் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். என்னைப் பார்த்ததும் “வாங்கக்கா” என்பார்கள். அதற்குப் பிறகு யாருக்கும் ஒன்றும் சொல்ல இருக்காது. நான் அங்கே நிற்பதே அவர்களுக்கு இடைஞ்சல் என்று தெரிந்த பிறகு, டீயை வாங்கிக்கொண்டு வந்து என் வண்டிக்குள் உட்கார்ந்து குடிக்கப் பழகிவிட்டேன். வருஷக்கணக்காக அப்படித்தான்.

நான் வாய்விட்டுப் பேசுகிற ஆள் என்று ஒருவர்தான் இருந்தார். இலஞ்சி சங்கரலிங்கம் அண்ணாச்சி. புதனும் சனியும் அவரைத் தென்காசி ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் கூட்டிப்போவது என் வேலை. நிலமும் கோவில் காரியமுமாக இருந்த பழைய குடும்பம். வீட்டு முன்பாகத்தில் தம்பி குடும்பம், பின்பாகத்தில் இவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விவசாய ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு கிட்னி போய்விட்டது.

போகும்போது பேப்பரில் படித்ததைச் சொல்லிக்கொண்டு வருவார். திரும்பும்போது பேச மாட்டார். ரத்த அழுத்தம் இறங்கிக் கிறக்கமாக இருக்கும். பின் சீட்டில் காலை மடக்கிப் படுத்துவிடுவார். சில நாள் வாந்தி வரும். நான் எப்போதும் ஒரு வாளியும் பழைய துண்டும் வைத்திருப்பேன். அதனால்தான் அவருக்கு ஆட்டோ சரிப்படாது. அதனால்தான் மற்ற டாக்ஸிக்காரர்களும் அவரை ஏற்றத் தயங்குவார்கள். சீட்டு நாறிவிட்டால் அன்றைக்கு வேறு சவாரி போக முடியாது அல்லவா?

புளியறையில் வண்டி உதறியது வியாழன். சனிக்கிழமை காலை அவருக்கு ஆஸ்பத்திரி.

முருகையா சொன்னது

முருகையா எங்கள் ஸ்டாண்டு வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக். நல்ல வேலைக்காரர். அன்று அவர் ஷெட்டில் ரோடு வரைக்கும் வண்டி நின்றது. முன் சக்கரத்தின் இடுக்கு வழியாக விரலைவிட்டு, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைத் தடவிப் பார்த்தார்.

“ஓரத்துல வரப்பு மாதிரி நிக்கி பாத்தீங்களா? அம்புட்டும் தேஞ்சிட்டு. ரெண்டையும் மாத்தணும்.”

“சனிக்கெழம காலையில வண்டி வேணும் அண்ணே.”

“திங்கக்கெழம பேசுங்க. இதுல இன்னொண்ணு இருக்கு. உங்க வண்டி எப்பவும் சாரல்லயே நிக்கி. டிஸ்க்கு, சக்கரம் மாட்டுத ஹப்போட துருப்பிடிச்சு ஒண்ணா ஒட்டியிருக்கும். லேசுல வராது. அதுக்கு ஒரு நாளு முழுசாப் போயிரும். சீசன் நேரத்துல நான் எங்கன போவேன்?”

அவர் சொன்னது நியாயம்தான். சாரலால் எங்களுக்குப் பிழைப்பு. அதே சாரல்தான் வண்டியைத் தின்கிறது. ஐந்தருவிப் பக்கம் நாள் முழுக்க நிற்கும் வண்டிகளின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் தெரியும்.

சனிக்கிழமை அண்ணாச்சியைக் கூட்டிப்போக முடியுமா என்று ஸ்டாண்டில் ஒவ்வொருவராகக் கேட்டேன். சனி, ஞாயிறு எல்லாருக்கும் முன்பதிவு. வேலுச்சாமி மட்டும் தலையைச் சொறிந்தான். “மதுரைப் பார்ட்டி நாளைக்கு ராத்திரியே வாராங்கக்கா. நான் இல்லன்னு சொல்ல முடியாது” என்றான்.

டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேட்டை மாற்ற எனக்குத் தெரியும். பேட்டை அழுத்தும் காலிப்பரைக் கழற்றி மாட்டியிருக்கிறேன். டிஸ்க்கை மட்டும் கழற்றியதில்லை. அன்று சாயங்காலமே பஸ்ஸில் தென்காசி போய், ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இரண்டு டிஸ்க், ஒரு செட் பேட், துரு இளக்கும் ஸ்ப்ரே எல்லாம் வாங்கினேன். இரண்டு டிஸ்க்கும் நல்ல கனம். மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்தேன்.

வலது பக்கம்

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஆரம்பித்தேன். பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கி ஏற்றி, ஜாக்கியை நம்பாமல் பக்கத்தில் மரக்கட்டை அடுக்கி, கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கடியில் தள்ளினேன். இந்த மூன்றும் இல்லாமல் வண்டிக்குக் கீழே கையை விடாதீர்கள். தனியாக வேலை செய்கிறவர்கள் கண்டிப்பாக விடாதீர்கள். நசுங்கினால் சத்தம் கேட்டு வர ஆள் வேண்டும்.

காலிப்பரைக் கழற்றி ஸ்பிரிங்கில் கம்பி போட்டுத் தொங்கவிட்டேன். அதைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட்டுகள் அசையவில்லை. ஸ்பேனரில் ஒரு நீளக் குழாயை மாட்டி, காலால் மிதித்துத்தான் திறந்தேன். இனி டிஸ்க்கை இழுத்தால் கையோடு வர வேண்டும். வரவில்லை. சுத்தியலால் பின்புறமிருந்து தட்டினேன். சுற்றிச் சுற்றித் தட்டினேன். ஸ்ப்ரே அடித்து, ஊறவிட்டு, மறுபடி தட்டினேன். வீடே அதிர்ந்ததே தவிர டிஸ்க் அப்படியே இருந்தது.

டிஸ்க்கின் முகத்தில் போல்ட் துளைகளுக்கு நடுவே சின்னதாக இரண்டு துளைகள் இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். துருவும் சேறும் அடைத்திருந்தன. ஆணியால் நோண்டினால் உள்ளே திருகு மரை தெரிந்தது. முருகையா ஒரு தடவை அதில் போல்ட் முடுக்கியதைப் பார்த்த ஞாபகம் வந்தது. அந்தத் துளைகள் எதையும் பிடித்து வைப்பதற்காக இல்லை. கழற்றுவதற்காகவே போட்டவை. எட்டு எம்.எம். போல்ட் இரண்டை அதில் முடுக்கினால், போல்ட் முனை ஹப்பில் போய் முட்டி, டிஸ்க்கை வெளியே தள்ளும். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். ஒரே பக்கம் முடுக்கினால் கோணிக்கொள்ளும்.

முடுக்கினேன். போல்ட் இறுகியது. நடுவில் சுத்தியலால் தட்டினேன். மறுபடி முடுக்கினேன். திடீரென்று வெடி போட்டதுபோல் ஒரு சத்தம். டிஸ்க் விட்டுவிட்டது.

எனக்குக் கைகொட்டிச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். தெருவில் ஒரு ஆள் இல்லை. எதிர் வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஐந்தருவியில் மிளகாய் பஜ்ஜிக் கடை. பக்கத்து வீடு ஒரு லாட்ஜில் துணி துவைக்கப் போயிருந்தது. சீசன் வந்தால் குற்றாலத்தில் நிற்க இடம் இருக்காது, எங்கள் தெருவில் நாய்கூட இருக்காது. துருப்பிடித்த டிஸ்க்கைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தேன்.

இடது பக்கம்

வலது பக்கம் வந்த வழியிலேயே இடது பக்கமும் வரும் என்று நினைத்தேன். ஒரு துளையில் மரை போய்விட்டிருந்தது. இன்னொன்றில் போல்ட் முறிந்தது. இப்போது பிடிக்க இடமே இல்லை.

கொஞ்ச நேரம் குந்தியிருந்து யோசித்தேன். பிராக்கெட் கழற்றிய இடத்தில் காதுபோல இரண்டு துளைகள் சும்மா இருந்தன. அவை டிஸ்க்கின் பின்புறத்துக்கு நேராக இருந்தன. நீளமான ஒரு போல்ட்டை அதன் வழியாகவிட்டு, நட்டைப் போட்டு, போல்ட் முனை டிஸ்க்கின் முதுகில் அழுந்தும்படி முடுக்கினேன். டிஸ்க்கைக் கொஞ்சம் சுற்றி, மறுபடி முடுக்கி, எதிர்ப் பக்கம் தட்டினேன். துரு பொடிப் பொடியாக உதிர்ந்தது. மத்தியானம் ஆகிவிட்டது, சாப்பிடவில்லை. கடைசியில் அதுவும் விட்டது.

விட்ட அதிர்ச்சியில், காலிப்பரைத் தொங்கவிட்டிருந்த கம்பி அறுந்தது. காலிப்பர் முழுப் பாரத்தோடு, பிரேக் ஆயில் வரும் ரப்பர் ஹோஸில் விழுந்து தொங்கியது. பழைய ஹோஸ். இணைப்பு இருக்கும் இடத்தில் கிழிந்து, பிரேக் ஆயில் சொட்டுச் சொட்டாகச் சிமெண்ட் தரையில் விழுந்தது.

அழுகை வரவில்லை. கையைத் துணியில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தேன். யாருக்காவது போன் பண்ண வேண்டும் என்று தோன்றியது. அதற்காகப் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். ‘ஐந்தருவி லாட்ஜ்’, ‘கொல்லம் பார்ட்டி’, ‘சிவகாசி ஆறு பேர்’, ‘ஏர்போர்ட் டாக்டர்’. எல்லாம் சவாரி. சவாரி ஒட்டாத பெயர் ஒன்றுகூட இல்லை. அண்ணாச்சியின் நம்பரையே நான் ‘இலஞ்சி டயாலிசிஸ்’ என்றுதான் போட்டு வைத்திருந்தேன்.

அந்த நம்பருக்குத்தான் போட்டேன்.

“அண்ணாச்சி, நாளைக்கு வண்டி வாரது சந்தேகம். பிரேக் வேலை பாத்தேன், ஹோஸ் கிழிஞ்சிட்டு. தம்பி வீட்ல சொல்லி வேற வண்டிக்கு ஏற்பாடு பண்ணிக்கிடுதீங்களா?”

“அவங்க எல்லாரும் சங்கரங்கோயில் கல்யாணத்துக்குப் போயாச்சு.”

“அப்ப நான் யாரையாவது...”

“விடு பேச்சி. ஒரு தடவ போகலன்னா ஒண்ணும் ஆயிராது” என்றார். போனை வைத்துவிட்டார்.

அவர் குரலில் கோபம் இல்லை. வருத்தமும் இல்லை. லீவு விட்டதுபோல் ஒரு நிம்மதி இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு தடவை போகாவிட்டால் என்ன ஆகும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் என்னிடம் சொல்லியிருக்கிறாள். உடம்பு வீங்கும், மூச்சு முட்டும், நெஞ்சு நின்றாலும் நிற்கும். அது அவருக்கும் தெரியும்.

ஹோஸின் முனையை அடைத்துவிட்டு, ஆயில் கையோடு பஸ் ஏறினேன். கடைக்காரர் பழைய ஹோஸைப் பார்த்து அதே அளவில் ஒன்று எடுத்துக் கொடுத்தார். “ஏர் எடுக்கணும், தெரியும்லா? நல்லா எடுக்கணும். இல்லன்னா பெடலு பஞ்சு மாதிரி உள்ள போயிரும்” என்றார். தெரியும் என்றேன். அதற்கு இரண்டு பேர் வேண்டும் என்பது அப்போது புத்தியில் ஏறவில்லை.

கம்பு

புது டிஸ்க்கின் மேலிருந்த எண்ணெயைப் பெட்ரோலில் துடைத்து மாட்டினேன். காலிப்பர், பேட், புது ஹோஸ் எல்லாம் ஏறிவிட்டன. ஆயிலை ஊற்றி நிரப்பினேன். பெடலை மிதித்தால் தரை வரை போயிற்று. குழாயெல்லாம் காற்று.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காற்றை வெளியேற்ற, ஒருவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை நாலைந்து தடவை மிதித்து, கடைசியில் அமுக்கிப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் கீழே சக்கரத்தருகில், காற்றை விடுவதற்கென்று இருக்கும் நிப்பிளைத் திறக்க வேண்டும். காற்றும் ஆயிலும் குமிழியாக வெளியே வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்க வேண்டும். முன்னாடியே எடுத்துவிட்டால், வெளியே போன காற்றைக் குழாய் திரும்ப இழுத்துக்கொள்ளும். எல்லாச் சக்கரத்திலும் இப்படியே செய்ய வேண்டும்.

ஒரு கம்பை எடுத்து, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் முட்டுக் கொடுத்துப் பார்த்தேன். நான் ஓடிப்போய் நிப்பிளைத் திறந்ததும் பெடல் இறங்கியது, கம்பு விழுந்தது, காற்று உள்ளே போனது. மறுபடி செய்தேன். மறுபடியும் அதுவே நடந்தது. எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன், பூட்டியிருப்பது தெரிந்தே. தெருமுனை வரை நடந்து போய்த் திரும்பி வந்தேன்.

இத்தனை வருஷத்தில் பண்டிகை நாளில், காய்ச்சல் நாளில் எல்லாம் தனியாக இருந்திருக்கிறேன். அப்போதெல்லாம் சமாளித்துக்கொண்டேன். ஒரு பெடலை மிதிக்க ஒரு கால் கிடைக்காமல் நின்றபோதுதான் எனக்கு யாருமில்லை என்பது முழுசாக உறைத்தது.

அண்ணாச்சி வந்தது

ஒரு ஆட்டோ வந்து நின்றது. குடையைப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி இறங்கினார். வேட்டி ஓரம் நனைந்திருந்தது. என் வீட்டுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

“வழி கேட்டு வாரதுக்குள்ள போதும் போதும்னு ஆயிட்டு. என்ன வேலை ஓடுது?”

“நீங்க எதுக்கு அண்ணாச்சி இந்தச் சாரல்ல?”

“வீட்ல சும்மாதான இருக்கேன். அங்கன கெடந்து சுவத்தப் பாக்கதுக்கு, இங்கன வந்து நீ செய்யுத வேலையப் பாக்கலாம்லா.”

உள்ளே போய் டீ போட்டேன். அவர் நிறையக் குடிக்கக் கூடாது. சின்ன டம்ளரில் பாதி கொடுத்தேன். அதையும் வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினார். கம்பு விழுந்த கதையைச் சொன்னேன்.

“அம்புட்டுதானா? காலு வச்சு அமுக்கணும், அதான? எனக்கு கிட்னிதான் போச்சு. காலு நல்லாத்தான் இருக்கு.”

நான் கதவைத் திறந்துவிட்டேன். அவர் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். ஒரு நிமிஷம் இரண்டு கையையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்துக்கொண்டு இருந்தார். அவரிடம் முன்பு ஒரு கார் இருந்தது. வைத்தியச் செலவு வந்ததும் விற்றுவிட்டார்.

“முன்னால உக்காந்து ரொம்ப நாளாச்சு. உன் வண்டியில இருந்து பாத்தா ரோடு இப்படியா தெரியும்?” என்றார்.

பின் சக்கரத்திலிருந்து தொடங்கினோம். நான் கீழே இருந்து கத்துவேன். “மிதிங்க... மிதிங்க... அமுக்கிப் பிடிங்க!” அவர் உள்ளேயிருந்து “பிடிச்சாச்சு!” என்பார். நான் திறந்து, மூடி, “விடுங்க!” என்பேன். முதலில் ஒன்றிரண்டு தடவை அவசரப்பட்டுக் காலை எடுத்தார். பிறகு தாளம் பிடிபட்டது. நடுவில் களைத்தபோது ஸ்டியரிங்கில் தலை சாய்த்துக்கொண்டார். நான் அவசரப்படுத்தவில்லை.

கடைசியாக முன் வலது சக்கரம். அது டிரைவர் கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கதவு திறந்திருந்தது. நான் தரையில் உட்கார்ந்து ஸ்பேனரைப் பிடித்திருந்தேன். அவர் முகம் எனக்குத் தெரியாது. என் முகம் அவருக்குத் தெரியாது.

“அமுக்கிப் பிடிங்க.”

“பிடிச்சாச்சு.”

நிப்பிளைத் திறந்தேன். குமிழி வர ஆரம்பித்தது. அப்போது அவர் மேலேயிருந்து, சத்தம் போடாமல் சொன்னார்.

“பேச்சி, நாளைக்குப் போக வேண்டாம்னுதான் இருந்தேன். நாளைக்கு மட்டுமில்ல. இதோட நிறுத்திருவோம்னு. நீ போன் பண்ணி வண்டி வராதுன்னதும், சரி, நல்லதாப் போச்சு, நம்மளா முடிவு எடுக்க வேண்டாம்னு தோணிச்சு.”

பெடல் லேசாக மேலே வருவது தெரிந்தது. நிப்பிளில் மாட்டியிருந்த டியூபில் குமிழி பின்னோக்கி நகர்ந்தது.

“அண்ணாச்சி, கால எடுக்காதீங்க!” என்று கத்திவிட்டேன். “அமுக்குங்க! நல்லா அமுக்குங்க! நான் சொல்லுத வரைக்கும் எடுக்கக் கூடாது!”

பெடல் மறுபடி இறங்கியது. நான் நிப்பிளை மூடினேன். “இப்ப விடுங்க” என்றேன்.

 கொட்டகைத் தகரத்தில் சாரல் விழும் சத்தம் கேட்டது.  கடவுள் இருக்கிறார் என்று சொல்லலாம், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லலாம். ஒன்றும் சரியாகாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

“எதுக்கு வந்தீங்க அப்ப?” என்று கேட்டேன்.

“சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன். வேற யார்ட்ட சொல்ல?”

நான் எழுந்து கதவருகில் போய் நின்றேன். அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்கள இறக்கிவிட்டுட்டு வந்தா, புதன்கெழம வரைக்கும் சவாரி எங்க போகணும்னு கேக்கதத் தவிர நான் யார்ட்டயும் பேசுதது கெடையாது அண்ணாச்சி. நாளைக்குக் காலையில வழக்கம்போல வந்து நிப்பேன். நீங்க வெளிய வரணும்.”

அவர் காலை மறுபடி பெடலின் மேல் வைத்தார். “இன்னும் எத்தன தடவ அமுக்கணும்?” என்று கேட்டார்.

குமிழி முழுசாக நிற்கும்வரை அமுக்கினோம். பெடல் கல்போல் நின்றது. இருட்டுவதற்குள் அவரை ஏற்றிக்கொண்டு, ஆள் இல்லாத ரோட்டில் மெதுவாக ஓட்டி, நிறுத்தி, ஓட்டி, நிறுத்திப் பார்த்தேன். ஸ்டியரிங் உதறவில்லை. இலஞ்சியில் அவரை இறக்கிவிட்டேன். மறுநாள் காலை நான் போனபோது அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

வண்டி வேண்டாம்

அதற்குப் பிறகு இன்னொரு சீசன்வரை அவரைக் கூட்டிப்போனேன். அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. போகும்போது மட்டும் முன் சீட்டில் உட்கார ஆரம்பித்தார். லாரியை முந்தாதே, குழியைப் பார் என்று ஏதாவது சொல்லிக்கொண்டே வருவார். சில நாள் எரிச்சலாகக்கூட இருக்கும்.

ஒரு புதன்கிழமை காலை வழக்கம்போல இலஞ்சிக்குப் போனேன். வாசலில் பந்தல் போட்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். முந்தின இரவு தூக்கத்திலேயே போய்விட்டாராம். எனக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்ற நியாயமும் இல்லை. சொந்தக்காரர்களுக்குச் சொல்லவே அவர்களுக்கு நேரம் போதாது.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினேன். வெளியூரிலிருந்து வந்திருந்த அவர் தம்பி மகன் வந்தான். “யாரு நீங்க?” என்று கேட்டான்.

“வண்டிக்காரி. அண்ணாச்சிய ஆஸ்பத்திரிக்கு...”

“ஓ. இன்னைக்கு வண்டி வேண்டாம்கா” என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

பெண்கள் பக்கமாகப் போய் ஒரு ஓரத்தில் நின்று முகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். யார் என்று யாரும் கேட்கவில்லை. ஸ்டாண்டுக்குப் போகவும் மனசில்லை. அவர் சீட்டில் யாரையும் ஏற்றாமல், அன்று நாள் முழுக்க வண்டியைக் கொட்டகையிலேயே போட்டிருந்தேன். வாளியைக் கழுவி வெயிலில் கவிழ்த்தேன்.

கற்றுக்கொண்டது

டிஸ்க் மாற்றுவதைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஹப்பின் முகத்தைத் துரு போகத் தேய்த்து, மெல்லிசாகக் கிரீஸ் தடவி, பிறகு புது டிஸ்க்கை மாட்டுங்கள். அடுத்த தடவை அது கையோடு வரும். கிரீஸ் டிஸ்க்கின் பேட் ஓடும் முகத்தில் மட்டும் படக் கூடாது. சக்கர நட் ஒன்றிரண்டை நுனியில் போட்டு வைத்துவிட்டுத் தட்டுங்கள், டிஸ்க் தெறித்துக் காலில் விழாது. காலிப்பரைக் கம்பியில் தொங்கவிடாதீர்கள். நல்ல கயிறாகப் பார்த்துக் கட்டுங்கள். பழைய ஹோஸைக் கழற்றுவதற்கு முன்னாலேயே புது ஹோஸ் கையில் இருக்கட்டும்.

ஏர் எடுக்க இரண்டாவது ஆள் வேண்டும். அந்த ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு ஜாக்கி போடுங்கள். நமக்கு யார் வருவார்கள் என்று நினைத்துக்கொண்டு கேட்காமல் இருக்காதீர்கள். நான் முன்கூட்டி யாரையும் கேட்டு வைக்கவில்லை. அவராக வந்தார். எல்லாருக்கும் அப்படி அமையாது.

இப்போது ஸ்டாண்டில் யார் வண்டிக்கு ஏர் எடுத்தாலும் நான் கூப்பிடாமலே போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். முதலில் கூச்சப்பட்டார்கள். இப்போது அவர்களே கூப்பிடுகிறார்கள். மற்ற நேரத்தில் நான் போனால் பேச்சு இன்னும் நிற்கத்தான் செய்கிறது. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

உங்களையும் யாராவது ஒரு நாள் கூப்பிடுவார்கள். சவாரி காத்திருந்தாலும் போய் உட்காருங்கள். உட்கார்ந்துவிட்டால், கீழே இருப்பவர் சொல்லும்வரை காலை எடுக்காதீர்கள்.